தேறலும் கோரைக்கிழங்கும்

'தேறு' என்ற வினைச்சொல்லைத் தமிழ் நெடுங்காலமாகப் பல காரியங்களுக்கு எடுத்தாண்டு வந்திருக்கிறது. கலங்கிய தண்ணீர் தேறுகிறது. நோயாளி உடம்பு தேறுகிறான். துக்கப்பட்டவன் மனம் தேறுகிறான். பையன் பரீட்சையில் தேறுகிறான். இவன் தேறமாட்டான் என்று இன்னொருவனை ஊர் கைகழுவி விடுகிறது. இந்த அர்த்தங்களுக்கெல்லாம் அடியில் ஒரே அனுபவம் இருப்பதாகப் படுகிறது. கலக்கம் அடங்கி, கசடு கீழே தங்கி, மேலே தெளிவு நிற்பது. அதற்குக் காலம் பிடிப்பது. இதே வினையிலிருந்துதான் சங்கத் தமிழன் தன் மதுவுக்கும் ஒரு பெயர் எடுத்துக்கொண்டான். தேறல்.

கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, அரியல் என்று வேறு பெயர்களும் அவனிடம் இருந்தன. இவற்றை வெறும் மாற்றுச் சொற்கள் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அரிசியில் ஆனது, தேனில் ஆனது, வடித்தது, முதிர்ந்தது என்று நாக்கு கண்ட வேற்றுமைகளை மொழி குறித்து வைத்திருக்கிறது. பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில் மது மண்ணுக்குள் புதைக்கப்பட்டு முதிர்கிறது. மலைபடுகடாத்தில் மூங்கிற் குழாய்க்குள் தேன்மது விளைகிறது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிற நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பருகச் சொல்கிறார். அந்த யவனனுக்கு விலையாகப் போனது மிளகு. அவனுடைய நாணயங்கள் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் பானை பானையாக 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டன. மேற்கே மிளகு போயிற்று, கிழக்கே மது வந்தது என்று பள்ளிக்கூடச் சரித்திரம் முடித்துக்கொள்கிறது. இந்தப் பண்டமாற்றுக்கு வினோதமான ஒரு பின்குறிப்பு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்று நம்மிடம் இருக்கிற சொல் ஒன்றே ஒன்று: சரக்கு. 2003 முதல் அரசாங்கமே தன் கடைகளில் சில்லறையாக விற்கிற பொருளுக்குப் பொருத்தமான சொல்தான். குடிக்கிறவனுக்கு ஏறினால் போதும். கூடாது என்கிறவனுக்கு எல்லாமே ஒரே பாவம். இரண்டு பேருக்கும் ருசியைப் பற்றிய பேச்சு அநாவசியம். குடிகாரனும் மதுவிலக்குப் பிரசாரகனும் விரோதிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாக்கைப் பொறுத்தவரை அவர்கள் ஒரே கட்சி. குடியால் அழிந்த வீடுகள் உள்ள ஒரு தேசத்தில் மதுவின் ருசியைப் பற்றித் தத்துவம் பேசுவது அநாகரிகம் என்று சொல்லப்படலாம். ஆனால் கவனித்து ருசிப்பதும் தன்னை மறப்பதும் எதிரெதிர்த் திசைகளில் போகிற காரியங்கள். ஒன்றைச் செய்துகொண்டே மற்றதைச் செய்ய முடியாது. இதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

எடுத்துக்கொள்கிற உதாரணம் தூரதேசத்தது. சிரா என்ற கறுப்புத் திராட்சை பிரான்சில் ரோன் நதியின் வடபகுதியைச் சேர்ந்தது. பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து சிலுவைப் போருக்குப் போன ஒருவன் கொண்டுவந்தான் என்ற கதை வெகுகாலம் செலாவணியில் இருந்தது. 1990களின் கடைசியில் மரபணுச் சோதனை அதை முடித்து வைத்தது. தாய் மொந்தூஸ் பிளான்ஷ், தகப்பன் துரேசா. இரண்டும் அந்தப் பக்கத்து உள்ளூர்க் கொடிகள். 1832இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே ஷிராஸ் என்ற பெயரில் பெருகிய இந்தத் திராட்சை இன்று நாசிக்கிலும் விளைகிறது. வெயில் மிகுந்த இடத்தில் இதற்குச் சர்க்கரை வேகமாக ஏறிவிடும். சாராயச் சத்து கூடும். பழப்பாகு போல ஒரு கொழுத்த இனிப்பு வரும். குளிர்ந்த இடத்திலோ பழம் மெதுவாகப் பழுக்கிறது. புளிப்பு முழுவதும் கரைந்துவிடுவதில்லை. மேலே ஒரு மிளகு வாசனை நிற்கிறது. இந்தக் குளிர்ப் பிரதேசத்துச் சிரா வயதாக ஆக என்ன ருசியாக மாறுகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

இளமையில் அதன் நிறம் மைக்கூட்டைக் கவிழ்த்தது போன்ற கருநீலச் சிவப்பு. நாவற்பழத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய ஒரு கறுத்த பழ ருசி, வயலட் பூவின் மணம், புகைபட்ட இறைச்சி, உப்பிட்ட ஆலிவ் காய், இடித்த மிளகு. எல்லாவற்றுக்கும் மேலாகத் துவர்ப்பு. நம் அறுசுவைக் கணக்கில் துவர்ப்பு ஒரு சுவை. விஞ்ஞானம் அதைத் தொடு உணர்ச்சியில் சேர்க்கிறது. டானின் எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வழுவழுப்புப் போய் நாக்கு சொரசொரக்கிறது. வாழைப்பூவையும் கொட்டைப்பாக்கையும் மென்றவனுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. இளம் சிராவில் இந்தத் துவர்ப்பு ஒரு மறுப்பைப் போல இருக்கிறது. உள்ளே விடமாட்டேன் என்கிறது.

புட்டிக்குள் வருஷங்கள் போகப் போக, நிறத்தைத் தருகிற ஆந்தோசயனினும் துவர்ப்பைத் தருகிற டானினும் ஒன்றோடொன்று பின்னிப் பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவற்றில் ஒரு பகுதி கனத்துப் போய்ப் புட்டியின் அடியில் வண்டலாகத் தங்குகிறது. நீலம் வடிந்து செங்கல் நிறம் வருகிறது. துவர்ப்பு மெத்தென்று ஆகிறது. அதாவது, அகராதி சொல்கிற அர்த்தத்திலேயே, அது தேறுகிறது. பழ ருசி ஒதுங்குகிறது. அதன் இடத்தில் தோல், உலர்ந்த இறைச்சி, காளான், மழைக்குப் பின் ஈரமண் என்று சொல்லத்தக்க வாசனைகள் வருகின்றன. டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் காலத்தோடு கூடுகிறது. அதிகமானால் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம். அளவோடு இருந்தால் மண்ணுக்கடியில் விளைகிற காளானின் கம்பீரமான மணம். நல்ல எர்மிதாஜ் மலைச்சரிவின் ஒயின் இருபது முப்பது வருஷங்கள் இப்படிப் பயணம் போகும். ஜபூலே குடும்பத்தாரின் 1961ஆம் வருஷத்து 'லா ஷாப்பெல்' அதற்கு மேலும் போனதாகப் பேர் பெற்றது.

இடையில் ஒரு பருவம் உண்டு. புட்டியில் அடைத்துச் சில வருஷங்கள் ஆனதும் ஒயின் வாயை மூடிக்கொண்டுவிடுகிறது என்று குடித்துப் பழகியவர்கள் சொல்கிறார்கள். இளமைப் பழமும் இல்லை, முதுமை மணமும் இல்லை. திறந்து பார்த்தவனுக்கு ஏமாற்றம். பிறகு எப்போதோ அது மறுபடி பேச ஆரம்பிக்கிறது. இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ரசாயன விளக்கம் கிடையாது. ஆனால் ஊமைப் பருவத்தில் அதைத் திறந்தவன் 'இதில் ஒன்றுமில்லை' என்று எழுதி வைத்தால் அது பொய்யான சாட்சியமா? அன்று அந்தப் புட்டியில் உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை. அவன் ருசித்தது சரி. அதிலிருந்து அந்த ஒயினைப் பற்றி அவன் போட்ட தீர்மானம்தான் அவசரம்.

இந்த மாறுகிற பொருளின் ருசி எது என்பது கேள்வி. வியாபாரிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஒயினுக்கு ஓர் உச்சம் உண்டு. அதற்கு முன் காய், பின் அழுகல். உச்சத்தில் கிடைப்பதே அதன் சொரூபம். விதை மரமாவதற்காகவே இருக்கிறது என்ற பழைய கிரேக்கத் தத்துவத்தின் மலிவுப் பதிப்பு இது. திராட்சைக்கு இயற்கை விதித்த முடிவு என்று ஒன்று இருந்தால் அது அதன் விதைதான். சாற்றைப் பிழிந்து விட்டுவிட்டால் அது புளித்துக் காடியாகப் போய்ச் சேரும். ஒயின் என்பது அந்தப் பாதையில் மனிதன் கட்டிய ஓர் அணை. புட்டியும் தக்கையும் குளிர்ந்த நிலவறையும் சேர்ந்து அழிவை மெதுவாக்குகின்றன. அந்த மந்தகதியில் நேர்கிற சம்பவங்களுக்கு முதிர்ச்சி என்று பெயர் வைக்கிறோம். ஐந்தாம் வருஷத்து ஒயினைக் காட்டிலும் இருபதாம் வருஷத்து ஒயின் அதிக உண்மையானது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. அது அதிகம் இழந்தது. வேறு சிலவற்றைப் பெற்றது. அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

ஆனால் இழக்காத ஒன்றும் அதில் இருக்கிறது. முன்னே சொன்ன பின்குறிப்பு இதுதான்.

சிராவில் மிளகு வாசனை அடிக்கிறது என்பது வெகுநாளையப் பேச்சு. அது உவமையா, உண்மையா என்று யாருக்கும் தெரியாது. 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் அந்த வாசனைக்குக் காரணமான பொருளைப் பிடித்தார்கள். ரோட்டண்டோன். மிளகின் வாசனைக்கும் அதே பொருள்தான் முக்கியக் காரணம் என்பது அப்போது தெளிவாயிற்று. மிளகு வாசனை தூக்கலாக உள்ள ஒயினில் இருப்பதைப் போலச் சுமார் 10,000 மடங்கு மிளகில் இருக்கிறது. ஆக யவனன் மிளகைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன திசையில், அதே வாசனையைத் தோலுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு திராட்சைக்கும் இடம் இருந்தது.

பெயரில் இருக்கிறது அடுத்த ஆச்சரியம். ரோட்டண்டோன் என்பது சைப்பிரஸ் ரோட்டண்டஸ் என்ற தாவரத்தின் பெயரிலிருந்து வந்தது. 1960களில் சுக் தேவ் என்ற இந்திய ரசாயன விஞ்ஞானியும் சகாக்களும் அதன் கிழங்கு எண்ணெயில் இதைக் கண்டு பெயரிட்டிருந்தார்கள். அந்தத் தாவரம் வேறொன்றுமில்லை, நம் கோரை. கொங்கு நாட்டில் தோட்டம் வைத்திருக்கிற எவனும் ஒரு நாளாவது சபிக்காமல் விட்டிராத களை. உழுதால் சாகாது, கிழங்கைத் துண்டாக்கினால் துண்டுக்கொன்றாக முளைக்கும். உலகத்தின் மிக மோசமான களைகளைப் பற்றி 1977இல் வந்த ஒரு பெரிய நூலில் முதலிடம் இதற்குத்தான். நாட்டு மருந்துக் கடையில் இது முத்தக்காசு. நலங்கு மாவில் சேர்கிற வாசனைப் பொருள். ஐரோப்பியப் பிரபு நிலவறையில் முப்பது வருஷம் காத்திருந்து முகர்கிற மணத்தை மஞ்சள் வயலில் களைக்கொட்டோடு குனிந்திருக்கிற பெண் தினமும் கையில் சுமந்து வீட்டுக்குப் போகிறாள். அவளுக்கு அது மணமா, நாற்றமா? யாரும் கேட்டதில்லை. இதைச் சமத்துவத்துக்கு ஒரு சான்றாக நான் சொல்லவில்லை. ஒரே மூலக்கூறு இரண்டு வாழ்க்கைகளில் இரண்டு பொருள்களாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்ற வாசனைகள் வயதில் மாறிக்கொண்டிருக்க, ரோட்டண்டோன் பெரும்பாலும் குலையாமல் நிற்கிறது என்கிறார்கள். பழம் போய், பூ போய், நிறம் போன பிறகும் மிளகு மிஞ்சுகிறது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஒரு கிராமின் 100 கோடியில் 16 பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் எல்லா மூக்குக்கும் அல்ல. அதே ஆராய்ச்சியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை அறவே தெரியவில்லை. தண்ணீரில், மற்றவர்களுக்குத் தெரியும் அளவைப்போல 500 மடங்கு கலந்து கொடுத்தபோதும் தெரியவில்லை.

டேவிட் ஹ்யூம் 1757இல் ரசனையின் அளவுகோலைப் பற்றி எழுதிய கட்டுரையில் செர்வாண்டிஸின் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் ஒயினைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அழைக்கப்படுகிறார்கள். ஒருவன், நல்ல ஒயின், ஆனால் கொஞ்சம் தோல் வாசனை என்கிறான். இன்னொருவன், நல்ல ஒயின், ஆனால் கொஞ்சம் இரும்பு ருசி என்கிறான். ஊர் சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடக்கிறது. ரசனை வெறும் மனப்பிராந்தி இல்லை, நுட்பமான புலன் இருப்பவன் பொருளில் இருப்பதைத்தான் காண்கிறான் என்பதற்கு ஹ்யூமின் சாட்சி அந்தச் சாவி.

2008இல் கிடைத்ததும் ஒரு சாவிதான். மிளகு என்று சொல்லிவந்தவர்களின் மானத்தை அது காப்பாற்றியது. ஆனால் ஹ்யூமின் கதையில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே வந்து சேர்கிறது. சிரித்த ஊர்க்காரர்களைப் புலன் மந்தமானவர்கள் என்று ஹ்யூம் தள்ளிவிட முடிந்தது. ஐந்தாமவனை அப்படித் தள்ள முடியாது. அவன் மூக்கு மற்ற எல்லா வாசனைகளுக்கும் கூர்மையாக இருக்கக்கூடும். அவனிடம் இல்லாதது இந்த ஒன்று. அதன் விளைவு என்னவென்றால், அவன் குடிக்கிற ஒயினின் சரித்திரமே வேறு. நான்கு பேருக்குப் பழம் போன இடத்தில் மிளகு நின்று முதுமைக்கு ஒரு முதுகெலும்பாகிறது. அவனுக்குப் பழம் போனால் போனதுதான். இந்த ஒயின் அழகாக மூப்படைகிறது என்று அவர்களும், இது பாழாகிவிட்டது என்று அவனும் சொல்லும்போது, ஒருவர் கவனமானவர், இன்னொருவர் கவனமற்றவர் என்ற தீர்ப்புச் செல்லாது. எல்லோரும் தங்கள் தங்கள் புட்டிக்கு விசுவாசமாகப் பேசுகிறார்கள்.

ஹ்யூம் கடைசியில் நல்ல நீதிபதிகளின் கூட்டுத் தீர்ப்பே அளவுகோல் என்கிறார். ஆனால் ஏதாவது ஒரு வாசனைக்குக் குருடாக இல்லாத மூக்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவனுக்கு ரோட்டண்டோன், இன்னொருவனுக்கு வேறொன்று. எல்லாக் குருட்டுப் புள்ளிகளையும் ஒருவருக்கொருவர் நிரப்பிக்கொண்டு எட்டுகிற கூட்டுத் தீர்ப்பு, அந்த நீதிபதிகளில் எவன் நாக்கிலும் நிகழாத ஒரு ருசியைப் பற்றியதாகிவிடும். அப்படிப்பட்ட ருசி இருக்கிறது என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா?

நம் ரச சித்தாந்திகள் இந்த இடத்தில் கொஞ்சம் சாமர்த்தியமாகத் தப்பினார்கள். ரசம் நடிகனிடமும் இல்லை, பிரதியிலும் இல்லை, அது சஹ்ருதயனிடம் நிகழ்வது என்றார்கள். பல சரக்குகள் சேர்ந்த பானகத்தில் எந்தச் சரக்கின் தனி ருசியும் இல்லாமல் பானகத்தின் ருசி இருப்பதைப் போல என்று அபிநவகுப்தர் உவமை காட்டினார். ஆனால் அந்தச் சஹ்ருதயன் முழுமையானவனாகவே கற்பிக்கப்பட்டிருக்கிறான். பானகத்தில் ஏலக்காய் மட்டும் தெரியாத சஹ்ருதயனைப் பற்றிச் சாஸ்திரம் பேசுவதில்லை. தமிழ் விமர்சனமும் பேசியதில்லை. க.நா.சு. நல்ல நாவல்கள் என்று பட்டியல் போட்டபோது, காரணம் சொல்லாமல் பட்டியல் போடுகிறார் என்று அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. அவருடைய நாக்கை நம்பு, அல்லது உன் நாக்கைத் தயார் செய்துகொள் என்பதே அவர் பதிலாக இருந்தது என்று படுகிறது. எதிர்த்தரப்பு மார்க்சிய விமர்சகர்கள் பீப்பாயின் அடியில் இருக்கிற சாவியை மட்டும் காட்டச் சொன்னார்கள். இரு தரப்பாருக்கும் பிறர் சாட்சியத்தை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு ஒரு பிரச்னையாகப் படவில்லை.

அது பிரச்னைதான். தேறு என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு: நம்புதல். குறளில் தெரிந்துதெளிதல் அதிகாரம் முழுவதும் இந்தச் சொல்லைச் சுற்றியே ஓடுகிறது. ஒருவனை ஆராய்ந்து, பிறகு நம்புவது. நமக்குத் தெரியாத மணத்தை இன்னொருவன் சொல்லி ஏற்றுக்கொள்வதும் அப்படிப்பட்ட தேறுதல். கோவை ஞானி பார்வையை இழந்த பிறகு 2020இல் மறையும்வரை பிறர் வாசிக்கக் கேட்டே இலக்கியத்தைப் படித்தார், விமர்சனம் எழுதினார். வாசிக்கிறவர் குரலின் வழியாகவே ஒவ்வொரு வரியும் அவரிடம் வந்தது. அவருடைய தீர்ப்புகளை அது குறைத்ததா என்று கேட்பதைவிட, கண்ணுள்ள நாம் எல்லோருமே எத்தனை வரிகளைப் பிறர் குரலில் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்பது பயனுள்ளது. இதை எழுதுகிறவன் பழைய சிராவைக் குடித்தவனா என்ற கேள்வி வாசகனுக்கு இந்நேரம் வந்திருக்கும். ஐந்தாமவனும் குடித்தவன்தான்.

காத்திருப்பின் விஷயத்துக்கு வருகிறேன். முதிர்ந்ததை மதிக்கிற ரசனை பொறுமையை ஒரு குணமாகப் போற்றுகிறது. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதை யோசித்தால் பொறுமை குணமா, வசதியா என்ற சந்தேகம் வருகிறது. தொண்டாமுத்தூர், மாதம்பட்டிப் பக்கம் விளைகிற பன்னீர்த் திராட்சைக்கு உறக்கமே கிடையாது. குளிர்காலம் இல்லாததால் கொடி ஓய்வதில்லை. கவாத்து செய்து வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வெள்ளாமை எடுக்கிறார்கள். பழம் பறித்தால் சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். ஈரோட்டு மஞ்சள் காத்திருக்கும். பழைய மஞ்சள், புது மஞ்சள் என்று மார்க்கெட்டில் தனித்தனி விலையே உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்பில் மஞ்சள் எதுவாகவும் முதிர்வதில்லை. வண்டு துளைக்காமல் இருந்தால் லாபம். முதிர்வது விலையைப் பற்றிய ஆசைதான். 2010-11இல் உச்சத்துக்குப் போன விலை சரிந்த பிறகு, திரும்பி வரும் என்று மூட்டைகளை அடுக்கி வைத்து வருஷக்கணக்கில் காத்தவர்கள் உண்டு. கடன்காரன் வாசலில் நிற்கிறவன் அறுத்த உடனே விற்றான். காத்திருக்க முடிந்தவன் நல்லவன் என்று இதிலிருந்து யாரும் பாடம் எடுக்க முடியாது. எர்மிதாஜ் புட்டியை இருபது வருஷம் வைத்திருப்பவனுக்கும் இது பொருந்தும். அவனுக்கு முதலில் ஒரு நிலவறை வேண்டும். இருபது வருஷமும் அதை விற்க வேண்டாத நிலைமை வேண்டும்.

நம்முடைய சொந்த மது காத்திருக்காத மது. தென்னையும் பனையும் விடியற்காலையில் தருகிற சாற்றில் பாளை நனைந்திருக்கும்போதே காலம் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. காலையில் இனிப்பு. மதியத்துக்குள் நுரை, லேசான புளிப்பு, ஒரு சுறுசுறுப்பு. சாயங்காலம் கடுப்பு. மறுநாள் காடி. சிரா இருபது வருஷத்தில் போகிற பாதையைக் கள் ஒரு பகலில் நடந்துவிடுகிறது. இளமை, முதிர்ச்சி, மூப்பு எல்லாவற்றையும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து ஒருவன் ருசித்துவிட முடியும்; நிலவறை வேண்டாம், பரம்பரைச் சொத்து வேண்டாம். ஒவ்வொரு மணிக்கும் ருசி மாறுவதை அறிந்தவர்கள் மரமேறிகள். காலைக் கள், மாலைக் கள் என்ற பேச்சில் இருந்த நுட்பம், பழைய பட்டியலிலிருந்து தப்பி வந்த கடைசி மிச்சம் என்று தோன்றுகிறது.

கலயத்துக்குள் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் இந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. நொதிக்காது, இனிப்பாகவே இருக்கும். மற்ற ஜில்லாக்களில் பதநீர் என்பதைக் கொங்கில் தெளுவு என்கிறோம். தெளிவு என்பதன் பேச்சு வடிவம்தான் என்று கொள்ளலாம். ஆகத் தமிழில் தெளிவதற்கு இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. காலத்தை ஓடவிட்டுக் கசடு தங்கக் கிடைப்பது தேறல். காலத்தைச் சுண்ணாம்பால் நிறுத்திக் கிடைப்பது தெளுவு. பின்னதைக் குறைவாகச் சொல்லவில்லை. வெயில் காலத்துக் காலையில் தெளுவைக் குடித்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் அதற்கு வயது கிடையாது. சுண்ணாம்பு உள்ளவரை அது காலையிலேயே நிற்கிறது.

1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. தெளுவுக்கு அனுமதி உண்டு. தென்னையிலிருந்து நீரா இறக்கவும் 2017இல் அரசாங்கம் அனுமதி அறிவித்தது. நொதிக்காதவரைதான் அது நீரா. சட்டத்தை உற்றுப் பார்த்தால் அது விலக்கியிருப்பது ஒரு பொருளைக்கூட அல்ல, ஒரு பொருளின் வயதை. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. காலையில் குற்றமில்லை, மதியம் குற்றம். வாளையாற்றையோ கோபாலபுரத்தையோ தாண்டிப் பாலக்காட்டுச் சீமைக்குள் போனால் மதியமும் குற்றமில்லை. சித்தூர்த் தாலுக்காவின் தென்னந்தோப்புகளிலிருந்து கேரளத்தின் பல கள்ளுக்கடைகளுக்குக் கள் போகிறது. இந்தப் பக்கம் பொள்ளாச்சியில் அதே காற்றில் நிற்கிற தோப்பில் மரம் மட்டும் நிற்கிறது. கள்ளுக்காகப் போராடுகிற விவசாயிகள் அதை உணவு என்கிறார்கள், வருமானம் என்கிறார்கள், அரசாங்கச் சாராயத்தைவிடத் தீங்கு குறைவானது என்கிறார்கள். மூன்றும் விவாதத்துக்கு உரிய நியாயங்கள். அதற்கு ஒரு ருசி உண்டு, அது மணிக்கு மணி மாறும், அதை அறிவது ஓர் அறிவு என்ற நியாயத்தை அவர்களும் சொல்வதில்லை. சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். புட்டியில் அடைத்து வருகிற மேல்நாட்டு ஒயினுக்கு ருசி உண்டு என்று ஒப்புக்கொள்கிற அதே நகரத்து ரசிகன், கள்ளுக்கு ஏற்றம் மட்டுமே உண்டு என்று நினைப்பது எதனால்? ருசி என்பது விலையின் நிழலாகிவிட்டதனால் என்பது பாதிப் பதில். மீதி, ஜாதியில் இருக்கிறது. மரமேறியின் நாக்குக்கு அறிவு உண்டென்று நாம் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. களையெடுக்கிற பெண்ணின் மூக்கைக் கேட்காத மாதிரியே.

ஒரு பொருள் எப்படி மூப்படைகிறது என்பதை அறிய அதைத் திறந்தாக வேண்டும். திறந்த புட்டி மேலும் மூப்படையாது. அடுத்த வருஷம் திறப்பது வேறொரு புட்டி. ஒரே பெட்டியில் ஒரே நாளில் அடைத்ததானாலும் இரண்டின் தக்கையும் ஒன்றல்ல. திறக்கிறவனும் இடையில் மூப்படைந்திருக்கிறான். மூக்கும் வயதோடு மங்குகிற புலன்தான். இருபது வருஷம் தள்ளி நிற்கிற இரண்டு ருசிகளை ஒப்பிடுகிறவன், இன்று வாயில் இருப்பதை நினைவில் இருப்பதோடு வைத்துப் பார்க்கிறான். ஒயினின் மாற்றத்தையும் தன் மாற்றத்தையும் அவனால் பிரித்தெடுக்க முடியாது. கள்ளில் இந்தத் தொல்லை குறைவு. ஒரே கலயம், ஒரே பகல், ஏறக்குறைய அதே மனிதன். சுவையும் காலமும் எப்படி உறவாடுகின்றன என்று பரிசோதிக்க விரும்புகிற தத்துவவாதிக்கு எர்மிதாஜைவிடப் பொள்ளாச்சித் தோப்பு அதிக சௌகரியமான இடம். ஆனால் பரிசோதனைக்கு அவன் எல்லையைத் தாண்டிப் போக வேண்டும்.

பனை வைத்தவன் அதன் சாற்றைக் குடிப்பது நிச்சயமில்லை. பாளை விட அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷத்துக்கு மேலும் பிடிக்கும். கொங்கு நாட்டில் வேலியோரப் பனைகள் ஏராளமாகச் செங்கல் சூளைக்கு விறகாகப் போயின. ஏறுவதற்கு ஆள் இல்லை, இறக்குவதற்கு அனுமதி இல்லை, பிறகு எதற்கு மரம் என்ற கணக்கு. 2021இல் தமிழ்நாட்டு அரசாங்கம் தன் முதல் வேளாண்மை பட்ஜெட்டில் பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. மரம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நின்று முதிரலாம். அதன் சாற்றுக்கு மட்டும் இன்னும் ஒரு பகல் அனுமதிக்கப்படவில்லை.